78 நாள் கணக்கு

காலையில் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் வேலை, இடது மணிக்கட்டுக்கு மேலே வலது கட்டைவிரலை வைத்துப் பார்ப்பது. தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடும். தையல் மெஷினில் கிளட்ச் மோட்டார் ஓடும்போது மேஜைப் பலகையில் கை வைத்தால் தெரியுமே, அதே மாதிரி. அது இருந்தால் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்த இடம், நன்றாக இருக்கிறது, அன்றைக்கு டயாலிசிஸ் நடக்கும். இல்லாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு நாள் அது தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் விரலைத் தப்பான இடத்தில் வைத்திருந்தேன். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு வந்த முதல் நினைப்பு உயிரைப் பற்றியது இல்லை. இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போயிருக்கிறோம் என்றுதான் மனசு எண்ணியது. சிரிக்காதீர்கள், முழுசாகப் படித்தால் உங்களுக்கே புரியும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 2014லிருந்து கட்டிங் மாஸ்டர். துணி ரோலைத் தூக்கி, மேஜையில் விரித்து, அடுக்கு போட்டு, மெஷினில் வெட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். ரத்த அழுத்தம் இருக்கிறது என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தார். தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை போட்டேன், மற்ற நாளில் மறந்தேன். 2022 ஜூன் மாதம் செருப்பு வார் காலில் அச்சுப் பதிகிற அளவுக்கு வீக்கம், படுத்தால் மூச்சு வாங்கியது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 11.4, சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்றார்கள். அன்று ராத்திரியே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். மறுநாள் என் மனைவி வார்டு வாசலில் நின்றுகொண்டு, "மாமா, சனிக்கிழமை சம்பளம் யார் வாங்கறது?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரச் சம்பளக் குடும்பத்தில் அதுதான் முதல் கேள்வி.

என் சம்பளம் அப்போது மாதக் கணக்கில் 17,600. அதில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்காக என்னிடம் பிடித்தது 0.75 சதவீதம், அதாவது 132 ரூபாய். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுவார், அது 572. இந்த 132 ரூபாய்க்கு நான் எத்தனை முறை முணுமுணுத்திருக்கிறேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். "காண்ட்ராக்ட்ல பீஸ் ரேட்டுக்குப் போனா பிடித்தமே இல்லீங்க" என்று சுற்றிலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள். ஒரு தீபாவளிக்குப் பிறகு நானும் அப்படிப் போவதாக இருந்தேன். போயிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இஎஸ்ஐ எப்படி ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டிஸ்பென்சரி வரிசையிலும் கிளை அலுவலக பெஞ்சிலும் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டது இது. வருஷத்தை இரண்டு சந்தாக் காலமாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். முதல் காலத்தில் கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. இரண்டாவதற்கான பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. நோய்க்கால உதவித்தொகை வாங்க வேண்டுமானால், அதற்குரிய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா இருந்தாக வேண்டும். 77 இருந்தால் கிடையாது.

நான் படுத்தது 2022 ஜூனில். அதற்குப் பார்க்கப்படுவது 2021 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. யோசித்துப் பாருங்கள், கொரோனா இரண்டாம் அலை! மே 10ஆம் தேதி ஊரடங்கு போட்டார்கள். ஜூன் கடைசி வரைக்கும் எங்கள் கம்பெனி ஒழுங்காக ஓடவில்லை. நான் ஐசியூவில் கிடந்தபோது என் மச்சான் கம்பெனியில் போய்க் கணக்கு எடுத்துவந்தான். 104 நாள். ஊரடங்கு தளர்ந்த பிறகு ஆகஸ்டில் மாமனார் ஊர்த் திருவிழாவுக்குப் போகாமல் வேலைக்குப் போனேன் என்று வீட்டில் சண்டை நடந்தது. அந்தச் சண்டைக்கு இப்போது நன்றி சொல்கிறேன்.

நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. எனக்கு மாதம் கிட்டத்தட்ட 12,300 கணக்காயிற்று. கணக்கானதும் கைக்கு வந்ததும் வேறு வேறு. மருத்துவர் தரும் சான்றிதழை விட்டுப்போகாமல் வரிசையாக வாங்கிக் கொடுத்தால்தான் பணம் நகரும். நடுவில் நாலு நாள் விட்டுப்போனால் அந்த நாலு நாளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் தொகை என் கணக்கில் விழ ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரம் மனைவியின் நாலு பவுன் கூட்டுறவு வங்கிக்குப் போய்த்தான் சோறு வந்தது. ஆகவே இன்றைக்கு நோயோடு புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது: முதல் இரண்டு மாதத்துக்கு உதவித்தொகையை நம்பாதீர்கள், வரும் என்று மட்டும் நம்புங்கள். ஒரு நோட்டு வாங்கி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை சான்றிதழ், யாரிடம் கொடுத்தோம், ரசீது உண்டா என்று எழுதுங்கள். என் மகள் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். அந்த நோட்டு இரண்டு தடவை என்னைக் காப்பாற்றியது.

91 நாள் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். டிஸ்பென்சரியில் மருந்து கட்டித் தருகிற அக்கா ஒருவர், "எக்ஸ்டெண்டட் சிக்னஸுக்கு எழுதச் சொன்னீங்களா தம்பி?" என்று கேட்டார். நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். நீண்டகால நோய்கள் 34ஐப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். காசநோய், புற்றுநோய், பார்க்கின்சன், பக்கவாதம், இதய நோய்களில் சில, நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அதில் உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, முந்தைய நாலு சந்தாக் காலத்தில் 156 நாளுக்குச் சந்தா இருந்தால், 91 நாளுக்குப் பிறகு 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு வருஷம் வரை. நோய் பெரிதானால் சதவீதமும் கூடுகிறது. அந்த அக்கா கேட்காமல் விட்டிருந்தால் நானாகக் கேட்டிருக்கவே மாட்டேன். இதற்கெல்லாம் சுவரில் ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று இன்றுவரை தோன்றுகிறது.

சிக்கல் வந்தது வேறு பக்கத்திலிருந்து. அக்டோபரில் ஒரு நாள் கிளை அலுவலகத்தில் என் எண்ணைத் தட்டிப் பார்த்தவர், "நீங்க வேலையை விட்டுட்டீங்களே" என்றார். நான் மாஸ்க்கைக் கழற்றி, "இல்லைங்களே" என்றேன். திரையைத் திருப்பிக் காட்டினார். மாதாமாதம் சந்தா ஏற்றும்போது, ஒரு தொழிலாளிக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் ஏன் என்று ஒரு காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘விடுப்பில் இருக்கிறார்’ என்று ஒன்று, ‘வேலையை விட்டு விலகினார்’ என்று ஒன்று. எங்கள் கம்பெனிக்கு பிஎஃப், இஎஸ்ஐ கணக்குப் பார்க்கிற கன்சல்டன்ட் ஆபீஸில் யாரோ ஒரு பையன் இரண்டாவதைத் தட்டிவிட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. நூறு பேர் பட்டியலில் ஒரு வரி. அந்த ஒரு வரியில் என் எட்டு வருஷ வேலை முடிந்துபோயிருந்தது.

திருத்த பதினெட்டு நாள் அலைந்தேன். அலைந்தேன் என்று சொல்வது சரியில்லை. செவ்வாய், வியாழன், சனி எனக்கு டயாலிசிஸ். மற்ற நாளில் மாடிப்படி ஏறினால் இளைக்கும். அலைந்தவள் என் மனைவி. முதலாளியிடம் போய் நின்று, கம்பெனி லெட்டர்ஹெட்டில் ‘விடுப்பில் உள்ளார், பணியில் தொடர்கிறார்’ என்று வாங்கி, ஹாஜர் புத்தக நகலோடு கொடுத்த பிறகு சரியாயிற்று. இப்போது ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குப் பிறகு இஎஸ்ஐ இணையதளத்தில் என் எண்ணைப் போட்டு, போன மாதத்துக்கு எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று நானே பார்த்துவிடுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறவர்களும் பார்க்க வேண்டும். ரெண்டு நிமிஷ வேலை.

அதே சமயத்தில்தான் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒரு கவர். கவரில் ராஜினாமா கடிதம் டைப் செய்து தயாராக இருந்தது. "கையெழுத்துப் போட்டீங்கன்னா பிஎஃப் பணம் மொத்தமா வந்துரும், இப்ப உங்களுக்குப் பணந்தானுங்களே வேணும்" என்றார். பேச்சில் அன்பும் இருந்தது, அதனால்தான் ஆபத்து. அம்மா குறுக்கே வந்து, "சாமி, இப்ப எதுலயும் கையெழுத்துப் போடாதே, கை நடுங்குது பாரு" என்றாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் வருஷத்து இஎஸ்ஐ சட்டத்தின் 73ஆம் பிரிவு அவள் பக்கம்தான் இருந்தது: நோய்க்கால உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை முதலாளி வேலைநீக்கம் செய்யக் கூடாது, தண்டிக்கக் கூடாது. நாமாக எழுதிக் கொடுத்தால் அந்தப் பிரிவு என்ன செய்யும்? மேனேஜர் போன பிறகு ஆப்பிளை மட்டும் மகள் தின்றாள். ஹார்லிக்ஸ் எனக்கு ஆகாது, அதில் இருக்கிற பாஸ்பரஸ் சிறுநீரகம் போனவனுக்குச் சேராது.

இந்த இடத்தில் இயலாமை என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். என் நேரத்தை அதிகம் தின்றது அதுதான். எல்லா அலுவலகத்திலும் அந்த வார்த்தை இருக்கிறது, ஒவ்வோர் இடத்திலும் அர்த்தம் வேறு. இஎஸ்ஐயில் ஊனத்துக்கான உதவித்தொகை என்றால் வேலையில் அடிபட்டதால் வந்த ஊனம். மெஷினில் விரல் போனவருக்கு உண்டு, சிறுநீரகம் போனவருக்கு இல்லை. பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் இயலாமை என்றால், பார்த்துவந்த வேலையை நிரந்தரமாக, முழுமையாகச் செய்ய முடியாத நிலை. அரை நாள் உட்கார்ந்து வேலை பார்க்க முடிகிறவன் அதற்குள் வரமாட்டான். மூன்றாவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.

அதற்கும் போனேன். 2022 டிசம்பரில் முகாம். கையில் ஃபிஸ்டுலா வைத்த புதிது. கட்டோடு மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். மருத்துவக் குழுவில் இருந்த டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். "2016 சட்டத்துல 21 வகை இருக்கு தம்பி. ஹீமோபிலியா இருக்கு, தலசீமியா இருக்கு, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் இருக்கு. கிட்னி இல்லை." வாரம் பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் கட்டிப் போடப்படுகிறவன் சட்டப்படி திடகாத்திரமானவன் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவருக்கும் டயாலிசிஸ்தான், ஆனால் சர்க்கரையால் ஒரு காலை எடுத்திருந்தார்கள். அவருக்குக் காலுக்காகச் சதவீதம் போட்டார்கள். சர்க்கரையால் சிறுநீரகம் போனவர்கள் பார்வையையும் கால்களையும் தனியாகக் காட்டிப் பாருங்கள். 40 சதவீதம் வந்தால் அட்டையால் நிறைய வழி திறக்கும். எனக்குக் காரணம் ரத்த அழுத்தம். கால் இரண்டும் இருக்கிறது, கண்ணும் தெரிகிறது. அட்டை இல்லை.

வேலைக்குத் திரும்பினேன். உதவித்தொகை இன்னும் வருஷத்துக்கு மேல் வந்திருக்கும், ஏன் போனேன் என்று கேட்கிறவர்கள் உண்டு. முழு இரண்டு வருஷமும் வீட்டில் இருந்துவிட்டு அதற்குப் பிறகு போய் நின்றால் கம்பெனியில் என் மேஜை இருக்காது என்று பயந்தேன். இதில் எது சரி என்று மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். உடம்பு கேட்காதவர்கள் முழு நாளும் எடுத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் கட்டிய காசு. ஆனால் திரும்புகிற தேதியை மட்டும் யோசித்து வையுங்கள். பிப்ரவரியிலேயே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆனாலும் டாக்டரிடம் பேசி, ஏப்ரல் 3, திங்கட்கிழமைதான் போனேன். பிப்ரவரி நடுவில் போயிருந்தால் மார்ச் முடிய எத்தனை நாள் சேரும்? முப்பத்தைந்து, நாற்பது. 78க்குப் பக்கத்தில்கூட வராது. ஏப்ரலில் தொடங்கினால் ஆறு மாதம் முழுசாகக் கையில் இருக்கிறது.

முதலாளியிடம் பேசப் போனபோது ரிப்போர்ட் எதையும் எடுத்துப் போகவில்லை. ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். இடது கையால் பாரம் தூக்க முடியாது. ஆறு நாளும் வருவேன். செவ்வாய், வியாழன், சனி காலை 6 மணிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து 10 மணிக்கு முடியும், அந்த மூன்று நாள் 11.30க்கு வருவேன். ஒன்றரை ஷிப்ட் பார்க்க மாட்டேன். பதிலுக்கு, கம்ப்யூட்டரில் மார்க்கர் போடும் வேலையை, அதாவது துணியில் எந்தத் துண்டு எங்கே வெட்டுவது என்று வரைகிற வேலையை, எடுத்துக்கொள்கிறேன், வீட்டில் இருந்த மாதங்களில் அதைக் கொஞ்சம் பழகியிருக்கிறேன். முதலாளி தாளை இரண்டு தடவை படித்தார். "ஏனுங்க மாஸ்டர், இவ்வளவு தெளிவா எந்த பையரும் எனக்கு எழுதுனதில்லீங்க" என்று சிரித்தார். ஒத்துக்கொண்டார். நோயைப் பற்றிப் பேசியிருந்தால் பாவம் என்றுதான் சொல்லியிருப்பார். எந்த நேரம் வருவேன், எது முடியும், எது முடியாது என்று சொன்னதால் யோசிக்க அவருக்கு ஏதோ இருந்தது.

நினைத்தபடியெல்லாம் நடக்கவில்லை. டயாலிசிஸ் முடிந்த மதியம் மூளையைப் பிழிந்து போட்டமாதிரி இருக்கும், அந்த நேரத்தில் மார்க்கர் போட்டால் தப்பு வரும். ஒரு தடவை சைஸ் ஒன்று விடுபட்டு 40 கிலோ துணி வீணானது. அதற்குப் பிறகு அந்த மூன்று மதியங்களுக்கும் கணக்கு எழுதுவது, பட்டன், லேபிள் மாதிரி டிரிம்ஸ் எண்ணுவது போன்ற சில்லறை வேலைகளை ஒதுக்கிக்கொண்டேன். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான். காலையிலேயே பாட்டிலில் அளந்து ஊற்றிவிடுவேன், டீயும் ரசமும் அதே கணக்கில் கழியும். ஏப்ரல் வெயிலில் கட்டிங் பையன் ஒருவன் ஆசையாக இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, உடம்புக்குக் குளிர்ச்சிங்ணா." சிறுநீரகம் வேலை செய்யாதவனுக்கு இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தை நிறுத்தக்கூடும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்: இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ் எதுவும் எனக்குத் தர வேண்டாம், நான் விழுந்தால் இடது கையில் ஊசியோ பிரஷர் கட்டோ போடவிடாதீர்கள். சொல்ல மூன்று நிமிஷம் ஆனது. அதற்கு நான் தயங்கியது மூன்று வாரம்.

போன வருஷம் முதலாளி சம்பளத்தை 21,500 ஆக்குகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. இஎஸ்ஐக்குச் சம்பள உச்சவரம்பு 21,000. அதைத் தாண்டினால், நடக்கிற சந்தாக் காலம் முடியும்வரை இருக்கலாம், பிறகு வெளியே. மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000 என்று ஒரு சலுகை உண்டு, ஆனால் எனக்குத்தான் அட்டை இல்லையே. வெளியே போனால் டயாலிசிஸ் நான் விசாரித்த இடத்தில் ஒரு தடவைக்கு 1,800 ரூபாய், மாதம் 13 தடவை, 23,400. முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் போதாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதையும் தாண்டிவிட்டேன். "20,500 போதுங்க, மீதியைத் தீபாவளி போனஸ்ல பார்த்துப் பண்ணுங்க" என்றேன். சம்பள உயர்வை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் என்று கம்பெனியில் இப்போது எனக்கொரு பெயர்.

சில்லறையாகச் சில. டயாலிசிஸுக்கோ மாற்று அறுவைக்கோ ரயிலில் போகிறவர்களுக்கும் உடன் போகிற ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகள் வீட்டுக்கே வருகின்றன. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, மனைவிக்கு வேறு ரத்தப் பிரிவு. போன் எப்போதும் சத்தத்தில்தான் இருக்கும்.

2024 செப்டம்பர் 19, வியாழன். என் பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்திருந்த பவர் டேபிள் டெய்லர், வயது முப்பதுக்குள், மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, இந்த நாள் கணக்கு எப்படிங்ணா பார்க்கறது?" வலது கையால் அவர் போனை வாங்கி, எண்ணைப் போட்டு, இணையதளம் அடிக்கச் சொல்கிற கோணல் எழுத்துகளை மூன்று தடவை தப்பாக அடித்து, உள்ளே போனேன். ஆகஸ்ட் முடிய 63 நாள். செப்டம்பரில் எட்டு நாள் போயிருக்கிறார். 71. இன்னும் ஏழு வேண்டும். காலண்டரை எடுத்தோம். மாதம் முடியப் பதினொரு நாள். ஞாயிறு இரண்டு போனது, டயாலிசிஸ் நாலு போனது. மிச்சம் ஐந்து.

"டயாலிசிஸ் முடிச்சுட்டு மத்தியானம் போனா உள்ள விடுவாங்களாங்ணா?"

சூப்பர்வைசர் நம்பரைக் கேட்டேன். மணி எட்டே கால், கம்பெனி இன்னும் ஆரம்பித்திருக்காது, ஆள் டீக்கடையில்தான் இருப்பார். போட்டுக் கொடுத்து, ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன்.